கண்ணுக்குத் தெரியாத பாலம்



திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. முன்னாளில் இக்கரையினின்று அக்கரைக்குச் செல்ல ஓடத்தையே நம்பியிருக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் இரண்டு ஊர்களும் இரண்டு நாடுகள்போல் ஆகிவிடும். இந்த இடரைத் தீர்த்து வைத்தவர், கலெக்டர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவர் கட்டுவித்த பாலம் 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு பாலத்தைப் பற்றியதே. ஆனால் இந்தப் பாலத்துக்குக் கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மனிதர் அதன்மேல் நடப்பதில்லை. அவர்கள் எழுதிய எழுத்தும், பேசிய பேச்சும், முகத்தின் சாயலுமே நடக்கின்றன. தொலைவிலுள்ள அலுவலகங்களின் கணினி வலைகளை ஒன்றாக இணைக்கும் பாலம் அது. அது எப்படித் தோன்றியது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது, நம் பக்கத்துக் கிராமங்களில் என்ன பாடம் கற்பித்தது என்பதே இன்றைய வரலாறு.

முதலில் ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவில் வட்டாரத்தில், கரிசல் பூமியின் நடுவே, குருவிகுளம் என்னும் ஊர் இருக்கிறது. அது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். ஒன்றிய அலுவலகத்தில் பத்துக் கணினிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது ஒரு வலை. சங்கரன்கோவிலில் உள்ள ஓர் அலுவலகத்திலும் அவ்வாறே பத்துக் கணினிகள். அது மற்றொரு வலை. ஒவ்வொரு வலைக்குள்ளும் செய்தி தங்குதடையின்றி ஓடுகிறது. ஆனால் இந்த வலையில் உள்ள ஏட்டை அந்த வலையில் இருப்பவர் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால், யாரேனும் ஒருவர் தாளை மடித்துக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் சான்றிதழுக்கு அலையும் ஏழை விவசாயியாகத்தான் இருப்பார். ஆகவே, இரு வலைகளுக்கு நடுவே பாலம் இடுவது பொறியியலார் விளையாட்டன்று. அது ஒருவருடைய ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும் காரியம்.

தொலைவிலுள்ள அலுவலகங்களை இணைக்கும் முயற்சி கணினியோடு தொடங்கியதன்று. நம் நாட்டில் அதற்கு வித்திட்டவர் வில்லியம் ஓஷாநஸி என்னும் மருத்துவர். 1839-ஆம் ஆண்டிலேயே அவர் கல்கத்தாவில் தந்திக் கம்பியை நிறுவிச் சோதனை செய்தார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி இயங்கலாயிற்று. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் சில ஆண்டுகளுக்குள் கம்பியால் பிணைக்கப்பட்டன. 1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

அந்தத் தந்தியில் பாலமாக விளங்கியது எது? மனிதனே பாலமாக விளங்கினான். ஒரு கம்பியின் முடிவில் அமர்ந்திருந்த தந்திக் குமாஸ்தா, வந்த குறிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த கம்பியில் மறுபடியும் தட்டி அனுப்பினார். இந்தச் செய்தி தம் ஊருக்குரியதா, மேலே செல்ல வேண்டியதா என்பதை அவரே முகவரியைப் பார்த்துத் தீர்மானித்தார். தம் ஊருக்குரியதை நிறுத்திக்கொண்டார். பிற ஊருக்குரியதை மேலே செலுத்தினார். நண்பர்களே, இந்த இரண்டு செயல்களையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வந்த பாலக் கருவியின் முழுத் தத்துவமும் இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அந்தத் தந்திப் பணி 2013 ஜூலையில் ஓய்வு பெற்றது.

இனி, கணினி வலைக்கு வருவோம். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஒரு முறையை வகுத்தார். ஒரே கம்பியில் பல கணினிகளைத் தொடுத்து, ஒவ்வொன்றும் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, அனுப்புவோர் பெறுவோர் முகவரிகளை எழுதி விடுக்கும் முறை அது. ஈதர்நெட் என்பது அதன் பெயர். ஒரு கட்டடத்துக்குள் அது மிகச் சிறப்பாக இயங்கியது. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. தடித்த கம்பி ஒரு துண்டு ஐந்நூறு மீட்டருக்கு மேல் செல்லலாகாது. இடையிடையே ஒலிபெருக்கிபோல் உதவும் கருவிகளை வைத்தாலும் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் அந்த வலை விரியாது. மேலும், வலையில் சேரும் கணினிகள் பெருகப் பெருக நெரிசலும் பெருகியது. ஒரே அறையில் நூறு பேர் ஒருங்கே பேசினால் யார் சொல் யார் காதில் விழும்?

இதற்கு விடையாக 1980-களின் நடுவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் நிறுவனத்தார் பாலக் கருவியை உருவாக்கினர். அதை வடிவமைத்தவர் மார்க் கெம்ப். இரு கம்பிகளுக்கு நடுவே அக்கருவி அமர்ந்திருக்கும். யாரிடமும் எதையும் கேட்காது; காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்கும். ஒரு பொட்டலம் இடப்பக்கத்திலிருந்து வந்தால், அதை அனுப்பிய கணினி இடப்பக்கத்தில் இருப்பதாகத் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும். இப்படிச் சிறிது நேரத்துக்குள் யார் எந்தக் கரையில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரிந்துவிடும். அதன் பின்னர், ஒரே கரையில் உள்ள இருவர் பேசிக்கொள்வதை அக்கரைக்கு விடாது தடுக்கும். அக்கரைக்குரியதை மட்டுமே கடத்தும். இருக்குமிடம் தெரியாத முகவரியாக இருந்தால் எதற்கும் இருக்கட்டும் என்று கடத்திவிடும். பழைய தந்திக் குமாஸ்தா செய்த அதே வேலைதான்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. ஒரு பாலம் பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரு வலைகளுக்கு நடுவே இரண்டு பாலங்களை வைத்தால் என்ன நேரும்? ஊரில் ஒரு வதந்தி கீழத்தெரு வழியாகப் போய் மேலத்தெரு வழியாகத் திரும்பி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புறப்பட்டவன் காதிலேயே அது புதுச் செய்திபோல் விழும்; அவனும் அதை மறுபடியும் சொல்லத் தொடங்குவான். அதுபோல, முதல் பாலம் கடத்தியதை இரண்டாம் பாலம் திருப்பிக் கடத்த, ஒரே பொட்டலம் ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து வலையையே மூச்சுத்திணற வைத்துவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அதே நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். 1985-ஆம் ஆண்டில் அவர் வகுத்த வழி எளிமையானது. பாலங்கள் தம்முள் பேசி ஒன்றைத் தலைமைப் பாலமாகத் தேர்ந்துகொள்ளும். அதிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு வழி இருக்கும்படி, அடிமரத்திலிருந்து கிளை பிரிவதுபோல் பாதைகளை அமைத்துக்கொள்ளும். மிகுந்த பாதைகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு கிளை முறிந்தால் உறங்கிய பாதை விழித்தெழும். இதை விளக்க அம்மையார் ஒரு சிறு கவிதையும் இயற்றினார். இந்த முறை 1990-இல் உலகப் பொதுத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பக்கத்து அறைகளை இணைத்த பாலம், தொலைவிலுள்ள ஊர்களை இணைத்தது எவ்வாறு? பாலத்தை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதியை இவ்வூரிலும் மறு பாதியை அவ்வூரிலும் வைத்தார்கள். நடுவே தொலைபேசித் துறையின் குத்தகைக் கம்பி சென்றது. இப்பாதி பொட்டலத்தை ஓர் உறையில் இட்டுக் கம்பியில் விடும். அப்பாதி உறையைப் பிரித்து உள்ளிருப்பதைத் தன் வலையில் சேர்க்கும். இரு ஊர்க் கணினிகளும் ஒரே அறையில் இருப்பதுபோலவே பழகும். பாலத்துக்கு உடன்பிறப்பாக ரூட்டர் என்னும் திசைவியும் வந்தது. பாலம் கருவிகளின் முகவரியைப் பார்த்து இரு வலைகளை ஒரே வலையாக்கும். திசைவியோ வலைகளின் முகவரியைப் பார்த்து, அவற்றைத் தனித்தனியாக வைத்தபடியே அவற்றினிடையே செய்தியைக் கடத்தும். முறை வேறு, நோக்கம் ஒன்றே.

நம் நாட்டில் இந்த இணைப்பு வேலை 1980-களில் முனைந்து நடந்தது. தேசியத் தகவலியல் மையம் விண்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களைத் தில்லியுடன் இணைக்கும் நிக்நெட் என்னும் வலையை அமைத்தது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட உயர்கல்வி நிலையங்களை எர்நெட் என்னும் வலை இணைத்தது. ரயில்வே துறையில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து முன்பதிவு மையங்கள் தனித்தனித் தீவுகளாக இயங்கி வந்தன. ஒரு மையத்தைச் சேர்ந்த சாளரத்திலிருந்து பெரும்பாலும் அந்த மையத்து ஏட்டைத்தான் திறக்க முடிந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து தீவுகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதன் பிறகே எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்குவதற்கும் ஒரே சாளரத்தில் சீட்டுப் பெறுவது எல்லார்க்கும் எளிதாயிற்று.

ஆனால் இவையெல்லாம் நகரங்களின் கதை. கிராமத்தின் கதை வேறு. கம்பி நகர எல்லையோடு நின்றுவிடும். விண்கோள் வழியோ செலவு மிகுந்தது. கிராமத்துக்குப் பாலம் இட்ட வரலாற்றுக்கு நாம் நம் பக்கத்திலேயே ஒரு சான்றைக் காணலாம்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் கரிசல் கிராமத்தில் 1918-ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. கீல்வாத நோயால் கைவிரல்கள் கோணிப்போன பின்னரும் கத்தி பிடித்துக் கண் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவமனை வளர்ந்தது, ஆனால் ஒரு கவலை தீரவில்லை. கண் மங்கிய கிழவியால் நகரத்துக்குத் தனியே வர முடியாது. துணைக்கு மகன் வந்தால் அவனுடைய கூலி போய்விடும். ஆகையால் பார்வை போகும்வரை பொறுத்திருப்பவரே பலர். நோயாளி மருத்துவரிடம் வர இயலாவிட்டால், மருத்துவரின் கண்ணை நோயாளியிடம் கொண்டுசெல்ல வேண்டும். இதற்காகவே கிராமங்களில் பார்வை மையங்கள் தோன்றின. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே நோயாளியின் கண்ணைச் சோதிப்பார்கள். தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் நோயாளியைக் கண்டு பேசி முடிவு சொல்வார்.

முகமும் குரலும் தடையின்றிச் செல்ல வேண்டுமானால் அகலமான வழி வேண்டும். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழுவினர், 2005-ஆம் ஆண்டளவில், தேனியில் உள்ள அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றுப்புறத்துப் பார்வை மையங்களோடு வானலையால் இணைக்க முற்பட்டனர். வீட்டுக்குள் பயன்படும் மலிவான வைஃபை அட்டையையே எடுத்துக்கொண்டனர். அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவை உயரத்தில் நிறுத்தினர். நேரே பார்வைக்கு எட்டாத இடங்களுக்கு நடுவழியில் அஞ்சல் நிலையங்களை அமைத்தனர். மிக நீண்ட இணைப்பு ஏறக்குறையப் பதினைந்து கிலோமீட்டர். அவர்கள் வைத்தவை திசைவிகள் என்ற வகையைச் சேர்ந்தவை. எனினும் மருத்துவமனைக்கும் கிராமத்துக்கும் அவை பாலமாகவே நின்றன.

இங்கே இயற்கை ஒரு தடையை இட்டது. வைஃபை முறையில், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பெற்றுக்கொண்டதற்கான மறுமொழி உடனே வர வேண்டும். ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கும் பதினைந்து கிலோமீட்டர் சென்று திரும்ப, விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் நூறு கூறு ஆகும். அறைக்குள் பழகிய கருவியோ சில பத்துக் கூறுகளே பொறுத்திருக்கும். மறுமொழி வழியில் இருக்கும்போதே, பொட்டலம் தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் அனுப்பும். அன்றியும், அக்கரைக் கருவி பேசத் தொடங்கியது இக்கரைக் கருவியின் காதில் விழ நேரமாவதால் இரண்டும் ஒருங்கே பேசி மோதிக்கொள்ளும்.

ஆராய்ச்சியாளர் இதற்குக் கண்ட தீர்வு நம் கிராமத்து விவசாயிக்குப் புதிதன்று. கண்மாயில் தண்ணீர் குறைந்த காலத்தில் என்ன செய்வோம்? ஆளுக்கொரு நேரம் என்று முறை வைத்து மடை திறப்போம். அதுபோலவே இக்கரைக்கு ஒரு நேரம், அக்கரைக்கு ஒரு நேரம் என்று முறை வகுத்தார்கள். பொட்டலம்தோறும் மறுமொழி கேட்பதை விட்டு, பல பொட்டலங்களுக்குச் சேர்த்து ஒரே மறுமொழி அனுப்பச் செய்தார்கள். சாதாரண முறையைக் காட்டிலும் இரண்டு முதல் ஐந்து மடங்குவரை கூடுதலான செய்தி சென்றது. இக்குழுவினரின் முறையைக் கொண்டு 2007-இல் வெனிசுவேலா நாட்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தொலைவுக்கும் இணைப்பு ஏற்படுத்திக் காட்டினர். தேனியில் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான கிராமத்து நோயாளிகள் இந்த வழியாக மருத்துவரைக் கண்டனர்.

இத்துடன் கதை முடிந்துவிட்டால் அது வெறும் வெற்றிக் கதை. முடியவில்லை என்பதுதான் நமக்குரிய பாடம். அலையை வென்ற அறிஞர்களை மின்சாரம் சோதித்தது. கிராமத்து மின்கம்பியில் அழுத்தம் திடீரென்று ஏறும்; கருவி கருகிவிடும். அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிடும். கருவி செத்தும் சாகாமலும் மயங்கிக் கிடக்கும். உயரத்தில் உள்ள கருவி மயங்கினால் யார் ஏறி எழுப்புவது? வல்லுநர் இருப்பதோ கடல் கடந்த ஊரில். மையத்தில் இருக்கும் பெண்ணுக்கு இணைப்பு இல்லை என்பது மட்டுமே தெரியும். கம்பி கழன்றதா, மின்சாரம் போயிற்றா, நடுவழி நிலையம் நின்றதா என்று அறிய வழியில்லை.

அதன் பிறகே உண்மையான பாலப் பணி தொடங்கியது எனலாம். மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் காப்புக் கருவிகளைச் சேர்த்தார்கள். மயங்கிய கருவி தானே விழித்தெழ ஏற்பாடு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்விடத்திலேயே இருப்பவர்களுக்குக் கற்பித்தார்கள். எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், எது அணைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மையத்துப் பணியாளர் அறிந்துகொண்டனர். நாளடைவில் வலையைப் பேணும் பொறுப்பு மருத்துவமனையின் சொந்தப் பணியாளரிடமே வந்து சேர்ந்தது. வெளிநாட்டு அறிஞர் திரும்பிச் சென்ற பிறகும் ஓர் இணைப்பு உயிரோடு இருக்குமானால், அதற்குக் காரணம் கருவியின் நுட்பம் மட்டுமன்று. அதைத் தன்னுடையது என்று எண்ணிக் காக்கும் உள்ளூர்க் கையே.

இப்போது மீண்டும் குருவிகுளத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டிலுள்ள ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் இசைவளித்தது. பாரத்நெட் என்பது இன்று அதன் பெயர். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை அதில் சேர்ப்பது நோக்கம். பெருஞ்செலவில் இழை இடப்படுகிறது, பெட்டி பொருத்தப்படுகிறது. ஆனால் சாலை தோண்டுபவன் இழையை அறுத்துவிட்டால், இடி விழுந்து பெட்டி கருகிவிட்டால், அதை அன்றைக்கே கண்டறிந்து சீர்செய்யும் ஆள் அந்த ஒன்றியத்திலேயே இருக்கிறாரா? இருந்தால், சான்றிதழுக்காகப் பேருந்து ஏறிய விவசாயி வயலுக்குத் திரும்புவார். இல்லாவிட்டால், அறையின் மூலையில் பெட்டி தூசி படிந்து கிடக்க, அவர் வழக்கம்போல் நிறுத்தத்தில் காத்திருப்பார். திட்டம் வெற்றி பெற்றதா என்பதை அந்தப் பேருந்து நிறுத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, இந்த வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் கணினி கற்று வெளியேறும் இளைஞர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் நகரத்தை நோக்கிச் செல்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எனினும் ஏணி வைத்து ஏறி, விளக்கைப் பார்த்து, கம்பியைச் சோதித்துத் தம் ஊரின் இணைப்பைக் காக்கும் வேலையும் அறிவுடையோர்க்குரிய வேலையே என்பதை மறவாதீர்கள்.

நான் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிக்கிறேன். தாமிரபரணிப் பாலம் திறந்த நாள்முதல் பழுதின்றி நின்றதாக எண்ண வேண்டாம். 1869-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்தது. அதை அப்படியே விட்டிருந்தால், முதலியாரின் கொடை கல்வெட்டோடு நின்றிருக்கும். செப்பனிட்டார்கள், ஆகவே இன்றும் அதன்மேல் நடக்கிறோம். கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. காத்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இருவருக்குமே கடன்பட்டிருக்கிறோம்.